பானை மணலில் படுத்திருந்த பாட்டில்

சம்பந்தியம்மா,

முதலில் பிள்ளைகள் சேதி. அதைச் சொல்லாமல் வேறு பேச்சு எடுத்தால் நீங்கள் காது கொடுக்க மாட்டீர்கள்.

நம் யாழினி செய்த சிவப்பு ஒயினுக்கு வெள்ளிப் பதக்கம் வந்திருக்கிறது. நாசிக் பக்கத்து அந்தத் தோட்டத்தில் இப்போது அவள் சொல்கிற நாளில்தான் குலை அறுக்கிறார்களாம். அவள் தம்பி முகிலன் அணுமின் நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டான். உங்கள் வீட்டுக்காரர் காலமெல்லாம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நுழைந்த அதே வாசல். முதல் நாளே அணுபுரத்துக்குப் போய் நீங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸைப் பார்த்துவிட்டு வந்து, "ஆயா, அம்மாச்சி வச்ச முருங்க மரம் இன்னும் அங்கயே கீது" என்றான். உங்கள் மகன் வீட்டுச் சின்னது ரித்திகா, கோவளத்துக் கடலில் பலகை மேல் நின்று அலையில் வருகிற போட்டியில் மூன்றாவதாக வந்திருக்கிறாள். எனக்குக் கடல் என்றாலே பயம். ஆனாலும் தெருவில் எதிர்ப்படுகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது என் சேதி. இன்று சாயங்காலம் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற மணலை நனைத்தேன். குப்பென்று ஈர வாசனை வந்தது. ஊற்றி முடித்த கையோடு உங்களோடு போனில் பேசித்தானே பழக்கம். கை தானாகப் போனைத் தேடியது. அப்புறம்தான் நினைவு வந்து, பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அஞ்சாவதோடு நின்ற கை. வரி கோணலாகத்தான் போகும்.

நம் பாட்டிலைத் திறந்தாகிவிட்டது. அது எப்படி நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

என் மகனுக்கு உங்கள் மகளைக் கொடுத்தபோது உங்களைப் பார்த்து நான் பயந்தேன். நீங்கள் படித்த அம்மா. கம்பம் பக்கத்து ஆள். பேச்சே வேறு. நான் 'எம்மாம்' என்றால் நீங்கள் 'எம்புட்டு' என்பீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "சாம்பார்ல உப்பே இல்ல, நம்ம வீட்டுக் கல்யாணமாச்சே, யார்கிட்டப் போயி சண்டை போட?" என்று காதில் சொன்னீர்கள். அன்றைக்கே என் பயம் போய்விட்டது.

யாழினி வேளாண்மைப் படிப்பு முடித்து ஒயின் செய்கிற வேலைக்குப் போனபோது என் வீடு இரண்டுபட்டது. என் வீட்டுக்காரர் எதனால் போனார் என்று உங்களுக்குத் தெரியும். அவரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவன் என் மகன்; அப்போது அவனுக்கு மீசை கூட முளைக்கவில்லை. அவன் தன் மகள் வேலையின் பெயரைச் சொன்னதே இல்லை. மகாபலிபுரத்துக்கு வேன் ஓட்டும்போது யாராவது கேட்டால், "ஜூஸ் கம்பெனி" என்பான். நானும் தெருவில் "பழ ஆபீஸ்" என்றுதான் சொல்லி வந்தேன். நீங்கள் ஒருவர்தான் யார் கேட்டாலும் முழுசாகச் சொன்னீர்கள். "எங்க அய்யா திராட்சப் பந்தல் போட்டாரு. கொள்ளுப்பேத்தி அதே திராட்சையில ஒயின் போடுறா. இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

பொங்கல் முடிந்த பிறகு அவள் இரண்டு பாட்டிலை ஸ்வெட்டருக்குள் சுற்றிக்கொண்டு வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? மகன் வேனில் போயிருந்தான். உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போயிருந்தாள். சமையலறையில் நாம் மூன்று பேர்தான்.

"ஆயா, டம்ளர் எடு."

"காப்பி டம்ளரா, தண்ணி டம்ளரா?"

"கண்ணாடி ஆயா."

"எவர்சில்வருக்கு இன்னாடி கொறச்சல்?"

"கலர் பாக்கணும் ஆயா."

பரணில் இருந்து ரோஜாப்பூ போட்ட கண்ணாடி டம்ளர்களை இறக்கினேன். அவள் கார்க்கைத் திருகி இழுத்தாள். சத்தம் வந்ததும் நான் வாசல் கதவைத் தாழ் போட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"என்ன சம்பந்தி, திருட்டு நகையா உருக்கப் போறோம்?"

"நீங்க சிரிப்பீங்க. நான் தொடப்பத்த எடுத்துகினு போயி ஒயின் ஷாப்பு வாசல்ல குந்தினவ. இப்ப என் வூட்டு அடுப்பாண்டயே ஊத்துறா பாருங்க."

"அந்தக் கடையில இது கெடைக்குமா? அவகிட்டயே கேளுங்க."

"கெடைக்காது அம்மாச்சி" என்றாள் யாழினி.

"அப்புறம் எதுக்கு அதுக்கு ஒயின் ஷாப்புன்னு பேரு? ஏமாத்துக்காரப் பயலுக."

டம்ளரில் கால்வாசிக்கும் குறைவாக ஊற்றினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் நாவல்பழச் சாறு மாதிரி இருட்டிய சிவப்பு. குடிக்க விடவில்லை. முதலில் மோந்து பார்க்கச் சொன்னாள். இது முழுக்க ஒரே தோட்டத்துப் பழம், மலைச் சரிவில் கல்லும் மண்ணுமாக இருக்கிற ஒரு துண்டு நிலம், பக்கத்துத் தோட்டத்துக் குலை ஒன்று கூட இதில் சேரவில்லை என்றாள்.

"பக்கத்துத் தோட்டம்னா எம்புட்டு தூரம்?" என்று கேட்டீர்கள்.

"வரப்புக்கு அந்தாண்ட."

"வரப்பு தாண்டுனா ருசி மாறத்தான் செய்யும். எங்க பந்தல்லயே கெணத்துப் பக்கம் ஒரு ருசி, ரோட்டுப் பக்கம் ஒரு ருசி."

நான் மோந்தபோது நாவல்பழம் வந்தது. அதற்கு அடியில் இடித்த மிளகு. வாயில் வைத்ததும், வாழைப்பூ நறுக்கின விரல் பிசுபிசுக்குமே, அப்படி நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"தொவக்குதுடி."

"அந்தத் துவர்ப்புதான் ஆயா. இப்ப இது முரட்டுப் புள்ள. இன்னொரு பாட்டில் இருக்கே, அத்த சில வருஷம் படுக்க வச்சா அடங்கிடும்."

"உங்கப்பன் மாதிரியா?"

"அப்பா எங்க அடங்கினாரு?"

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் சேரவில்லை. டம்ளரை மூக்குக்குக் கீழே வைத்தபடி கண்ணை மூடியிருந்தீர்கள். "மழை விட்ட பந்தலு. சணல் கயிறு நனைஞ்சு கெடக்கு. எங்க அய்யா தோள் துண்டால என் தலையத் துவட்டுறாரு." அவ்வளவுதான் சொன்னீர்கள். யாழினி எழுந்து வந்து உங்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவள் வேலையை எத்தனையோ பெரிய மனிதர்கள் ருசி பார்த்திருப்பார்கள். அன்றைக்கு அவள் அழுத மாதிரி எங்கும் அழுதிருக்க மாட்டாள்.

பிறகு போனை எடுத்து நம் இருவரையும் போட்டோ பிடித்தாள். அந்த நேரம் பார்த்து நீங்கள் என் வாயைப் பார்த்தீர்கள். "அய்யய்யோ, சம்பந்தி, பல்லெல்லாம் ஊதா!" நான் உங்கள் வாயைக் காட்டினேன். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எடுக்காத, எடுக்காத, அடியே" என்று குலுங்கினீர்கள். படத்தில் உங்கள் கண்ணும் முந்தானையும்தான் விழுந்தன. நான் மட்டும் ஊதாப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இன்னொரு பாட்டிலை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. வெயில் படக் கூடாது, சூடு ஏறக் கூடாது, ஆடக் கூடாது, நிற்க வைக்கவும் கூடாது. படுத்தே இருந்தால்தான் கார்க் காயாமல் இருக்கும் என்றாள். இதற்கென்றே வெளிநாட்டில் தரைக்கு அடியில் அறை கட்டுவார்களாம். நமக்கு ஏது? கூடுவாஞ்சேரியில் உங்கள் வீடு நாலாவது மாடி. "எங்க வீட்டுல ரயிலு போனா கட்டிலே நடுங்கும். வெயில் காலத்துல குழாயத் தொறந்தா வெந்நீர்தான்" என்றீர்கள். ஃபிரிட்ஜும் கூடாதாம். அது ஓயாமல் அதிருமாம்.

அப்போது உங்கள் பார்வை என் சமையலறை மூலைக்குப் போனது. செங்கல் அடுக்கி, பாலாற்று மணல் கொட்டி, அதன் மேல் இரண்டு பெரிய மண்பானை உட்கார்ந்திருக்கும் இடம். சித்திரையிலும் அந்த மணலில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். பானை கசிவதும், நான் சாயங்காலம் ஒரு செம்பு ஊற்றுவதுமாக அது காய்வதே இல்லை.

நீங்களே பாட்டிலை ரொட்டிக் கவரில் போட்டுக் கட்டினீர்கள், லேபிள் ஊறக் கூடாது என்று. அதற்கு மேல் என் பழைய நூல் புடவைத் துண்டைச் சுற்றினீர்கள். மணலைத் தோண்டிப் படுக்க வைத்து, பச்சைப் பிள்ளையை மூடுவது போல மேலே மணலைத் தள்ளி, உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தீர்கள். என் மகன் அன்று சாயங்காலம் வந்து அதே பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். நானும் நீங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

அதிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் உங்கள் போன் வரும்.

"குட்டி தூங்குறாளா?"

"தூங்குறா."

"தண்ணி ஊத்துனீகளா?"

"ஊத்திட்டேன் சம்பந்தி."

அதற்கப்புறம்தான் மற்ற பேச்சு. முட்டிவலி, மருமகள் புகார், ரயிலில் பார்த்த சண்டை எல்லாம். வீட்டில் ஆள் இருந்தும் பேச ஆள் இல்லாத வயது நமக்கு. அந்தப் பாட்டிலைச் சாக்கு வைத்து எத்தனை வருஷம் பேசினோம்!

போன வருஷம் கத்திரி வெயிலில் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். பார்க்க வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை மூச்சு வாங்கலிலும் கேட்டீர்கள்.

"தண்ணி ஊத்துனீகளா?"

"ஊத்திட்டுத்தான் பஸ் ஏறினேன்."

"நான் வந்தப்புறம்தான் தெறக்கணும். எனக்கு முந்தித் தெறந்துறாதீக."

"நீங்க இல்லாம நான் எப்டி தெறப்பேன்?"

அதுதான் நமக்குள் கடைசிப் பேச்சு.

சேதி வந்ததும் நாங்கள் எல்லோரும் கூடுவாஞ்சேரிக்கு ஓடினோம். காரியம் முடிகிற வரை அங்கேயே இருந்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டு மருமகளின் தாய் போனால், பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டிப் பானையைக் கவிழ்த்துவிடுவார்கள். நாங்கள் சாவி கொடுத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரர்கள் முறையாக அதைச் செய்திருக்கிறார்கள். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால் வீடு அடுப்பாக இருந்தது. பானை இரண்டும் குப்புறக் கிடந்தன. மணல் வெளுத்துப் பொலபொலவென்று, பொரி வறுக்கிற மணல் மாதிரி இருந்தது. கை விட்டுப் பார்த்தேன். துணிக்கு மேலேயே சூடு தெரிந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போல.

செம்பு செம்பாக ஊற்றினேன் சம்பந்தியம்மா. ஊற்ற ஊற்ற மணல் குடித்தது. அத்தனை நாளும் உங்களுக்காக எல்லோரையும் தேற்றிக்கொண்டிருந்த நான் அங்கே உட்கார்ந்துதான் அழுதேன்.

யாழினியிடம் போனில் சொன்னேன். "கெட்டுப்போச்சாடி?"

"தெறந்தாத்தான் ஆயா தெரியும். அந்தச் சூட்டுக்கு..." என்று இழுத்தாள். "பாட்டில் போனா போவுது. நீ அழுவாத."

அவளுக்குப் பாட்டில் போனால் போகட்டும். எனக்கு அப்படி இல்லை. நீங்கள் தட்டிக் கொடுத்துப் படுக்க வைத்தது அது. அதுவும் புளித்துப் போயிருந்தால் உங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? திறக்காமலே வைத்திருக்கலாம் என்று கூட நினைத்தேன். நீங்கள் வந்தபிறகுதான் என்று வாக்கு வேறு வாங்கியிருந்தீர்கள். தினமும் தண்ணீர் ஊற்றினேன், உள்ளே இருப்பது உயிரோ சவமோ தெரியாமல்.

வருஷத் திதி வந்தது. காலையில் உங்கள் மகன் கூடுவாஞ்சேரியில் முறைப்படி எல்லாம் செய்தார். சாயங்காலம் எங்கள் வீட்டில் படையல் வைக்கலாம் என்றாள் உங்கள் மகள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றுதானே இலை போடுகிறோம்? நீங்கள் வருகிற நாள் அதுதான். யாழினியை வரச் சொன்னேன்.

இலை போட்டு, உங்களுக்குப் பிடித்த பணியாரம், சுண்டல், பன்னீர் திராட்சை, வெற்றிலை எல்லாம் வைத்தோம். யாழினி மணலைத் தோண்டிப் பாட்டிலை எடுத்தாள். புடவைத் துண்டு நைந்து கையோடு வந்தது. நீங்கள் கட்டிய ரொட்டிக் கவர் அப்படியே இருந்தது. அவள் அதை இலைப் பக்கம் கொண்டு போகவும் என் நாத்தனார் குரல் எழுப்பினாள்.

"இன்னாடி அநியாயம் இது! ஆம்பள இலைலதான் பாட்டில் வப்பாங்க. பொம்பள இலைல எவளாச்சும் வச்சிப் பாத்துகீறியா? அந்தம்மா எம்மாம் மரியாதயான மனுசி!" பிறகு என் மகன் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, எங்கண்ணன் இலைக்கு ஒரு குவாட்டர் வைக்க வுட்டியா நீ? எல்லார் வூட்லயும் வைக்கிறாங்கன்னு எத்தினி வருசம் கெஞ்சினேன். மாமியாருக்கு மட்டும் வைப்பியா?"

யாழினி பாட்டிலை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். நான் அவனுக்கு இதைச் சொல்லவே இல்லை.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னான். "அத்தே, அப்பாவ எது கொன்னுச்சோ அத்த அவரு இலைல நான் எப்டி வைப்பேன்? இது அது இல்ல. எம் பொண்ணு ஒயின் செய்றா. அவ மொதமொதல்ல செஞ்சத எங்க மாமியாரு தூங்க வச்சிட்டுப் போயிருக்காங்க. இந்த இலைல இது இருக்கும்."

ஊருக்கெல்லாம் ஜூஸ் கம்பெனி என்று சொன்ன வாய். யாழினி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் மெதுவாகக் கேட்டேன். "உனக்கு எப்டிடா தெரியும்?"

"வூட்ல கொழந்தயே கெடையாது. தெனம் விளக்கு வச்சா ரெண்டு பேரும் ஸ்பீக்கர்ல போட்டுகினு குட்டி தூங்குறாளா, தண்ணி ஊத்துனீகளான்னு கத்துவீங்க. தெருவுக்கே தெரியும்மா."

படையல் வீட்டில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நாத்தனாரும்தான்.

கார்க் நுனி உதிர்ந்து உதிர்ந்து வந்தது. யாழினி ரோஜாப்பூ டம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். அந்த இருட்டுச் சிவப்பு இல்லை; ஓரத்தில் செங்கல் நிறம். மோந்தாள். வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். நான் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு உங்கள் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"இன்னாச்சுடி? வாயத் தெறந்து சொல்லு."

"வெயில் குடிச்சிருக்கு ஆயா." டம்ளரைச் சுழற்றிப் பார்த்தாள். "வயசாவுறதுக்கு முன்னாடியே கெழவி ஆயிடுச்சு. ஆனா சாகல. உயிரோடதான் கீது."

உங்கள் டம்ளரை இலையில் வைத்தோம். கற்பூரம் காட்டி, நீங்கள் வந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை. பிறகு திறந்து, உங்கள் டம்ளரில் இருந்ததைத்தான் நான் குடித்தேன். நாவல்பழம் போய்விட்டது. வற்றல் திராட்சையும், வெயிலில் கிடந்த புளியங்கொட்டையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நாக்கைப் பிடித்த அந்த முரட்டுத் துவர்ப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. தொண்டையில் மெதுவாக இறங்கியது. உங்கள் பந்தலைத் தேடிப் பார்த்தேன். எனக்கு எப்படித் தெரியும், நான்தான் அங்கே போனதே இல்லையே.

என் மகன் குடிக்கவில்லை. ஆனால் மகள் கையில் இருந்த டம்ளரை வாங்கி மோந்தான்.

"நம்ம பானத் தண்ணி வாசன வருது."

"கார்க் இருக்குப்பா. மணல் வாசனல்லாம் உள்ள போவாது."

"வருதுன்றேன். நீ இன்னாத்தப் படிச்ச?"

பாட்டிலை எடுத்த பள்ளத்தில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனால் கை செம்பை எடுத்துவிடுகிறது. நேற்று நான் மறந்து உட்கார்ந்திருந்தேன். வராண்டாவில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த உங்கள் மகள், தலை நிமிராமல் கேட்டாள்: "அத்தே, தண்ணி ஊத்துனீகளா?" அணுபுரத்தில் பிறந்து வளர்ந்த பெண், இத்தனை வருஷத்தில் உங்கள் ஊர்ப் பேச்சு அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டு அவளே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஊத்திட்டேம்மா" என்று பொய் சொல்லிவிட்டுப் போய் ஊற்றினேன்.

உதிர்ந்த கார்க்கை என் சுருக்குப் பையில் போட்டிருக்கிறேன். வெற்றிலை எடுக்கும்போதெல்லாம் ஒரு மோப்பம் பிடித்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் குறை. சுவரில் மாட்டியிருக்கிற உங்கள் படம் ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்தது. சிரிக்காதே என்று யாரோ அதட்டின மாதிரி முறைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். படையல் அன்று கூட அந்த முகத்துக்குத்தான் மாலை போட்டோம். நீங்கள் சிரிக்கிற படம் இருப்பது ஒன்றுதான்; அதிலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். அங்கே போட்டோ பிடிக்கிறவர் யாராவது இருந்தால், புதுசாக ஒன்று எடுத்து எப்படியாவது அனுப்பி வையுங்கள். முந்தானையைக் கீழே விடுங்கள் சம்பந்தியம்மா. பல் ஊதாவாக இருந்தாலும் பரவாயில்லை.